‘வேண்டியது மட்டும் காதில் விழும்’ என்பது நடிப்பா?

சந்தேகி | 4 ஜூன், காலை 9.12

வயதானவர்களின் காது கேளாமையில் பாதி நடிப்பு என்பது என் கட்சி. பின்னால் நின்று நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பக்கத்து அறையில் யாராவது அவர்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினால் மட்டும் “என்ன சொன்னே?” என்று குரல் வரும். மெதுவாகச் சொன்னால் கேட்கவில்லை என்பார்கள், சத்தமாகச் சொன்னால் ஏன் கத்துகிறாய் என்பார்கள். கிழட்டு நாயும் இப்படித்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அசையாது, தீனி டப்பாவைத் திறந்தால் வந்து நிற்கும். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

அங்கவடி | 4 ஜூன், காலை 10.40

மறுக்கிறேன், உங்கள் சாட்சியை வைத்தே. பக்கத்து அறையிலிருந்து வந்தது “என்ன சொன்னே?” என்ற கேள்வி. யாரோ பேசியது கேட்டிருக்கிறது, என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. அதுதான் வியாதியே.

வயதில் காது மொத்தமாக மங்குவதில்லை, சுருதி வாரியாக மங்குகிறது. உட்காதில் இருக்கும் நத்தைச்சுருளை நீட்டிவைத்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் வாசல் பக்கம் உச்சசுருதிக்கு, உள்முனை கீழ்ச்சுருதிக்கு. தேய்மானம் பெரும்பாலும் வாசல் பக்கத்திலிருந்து தொடங்கும். அதனால் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அளந்து ஆடியோகிராம் (எந்தச் சுருதி எவ்வளவு சத்தத்தில் கேட்கத் தொடங்குகிறது என்ற வரைபடம்) போட்டால், கோடு இடப்பக்கம் ஏறக்குறைய மட்டமாக வந்து, 2000-ஐத் தாண்டியதும் சறுக்குமரம் மாதிரி இறங்கும்.

பேச்சில் உயிர் ஒலிகளின் வலு பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கிறது. ஆளின் குரல், அதன் ஏற்ற இறக்கம், கோபமா கொஞ்சலா என்பதெல்லாம் அதில் வந்துவிடும். ச, ஸ, ஷ போன்றவற்றின் உரசலும், வல்லின மெய்களின் வெடிப்பும் 2000-க்கு மேலே. போதாததற்குச் சத்தமும் குறைவு. ஆக உயிர் வந்து சேரும், மெய் வழியில் போய்விடும். காசு, காது, காடு மூன்றும் ஒரே சொல்லாக விழும். எது என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். முகம் தெரிந்தால் ஊகிக்கலாம். பின்னால் நின்று கூப்பிட்டால் அதுவும் இல்லை.

கத்தல் விவகாரம் வேறு. நத்தைச்சுருளில் இரண்டு வகை மயிர்ச்செல்கள். உள்வரிசை சுமார் 3500. மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. வெளிவரிசை சுமார் 12,000. மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது அதன் வேலை. முதலில் சாவது பெரும்பாலும் வெளிவரிசை. பெருக்கி போனதால் மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் உரத்த ஒலிக்குப் பெருக்கியே தேவையில்லை, அது முழு வலுவோடு உள்ளே வரும். நல்ல காதுக்கு ‘கேட்கத் தொடங்கும்’ அளவும் ‘தாங்க முடியாத’ அளவும் ஏறத்தாழ 100 டெசிபல் தள்ளி நிற்கின்றன. தொடக்கம் 60-க்கு ஏறிவிட்டால் மிச்சம் 40 தான். அந்த இடுக்கில்தான் நீங்கள் பேசியாக வேண்டும். “கேட்கவில்லை”, “கத்தாதே” இரண்டும் ஒரே நிமிடத்தில் உண்மையாக இருக்க முடியும்.

அங்கவடி | 4 ஜூன், பகல் 1.05

மேலே கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். கவனம் என்று ஒன்றும் இருக்கிறது. விட்டுப்போன எழுத்துகளை ஊகித்து நிரப்புவது மூளைக்குக் கூலியில்லாத வேலை. காலையில் ஓரளவு புரிந்தவருக்கே மாலையில் புரியாமல் போவது களைப்பால். இதைப் பார்க்கிறவர்கள் நடிப்பு என்கிறார்கள்.

நடிப்பு உண்டு, ஆனால் எதிர்ப்பக்கம். கேட்காததைக் கேட்ட மாதிரி தலையாட்டுவது, மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பது. ‘ஆமாம்’ என்ற பதில் பொருந்தாத கேள்வி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சந்தேகி | 4 ஜூன், இரவு 8.30

சரி, வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. மருத்துவரிடம் போக மறுப்பவரை வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? போன் செயலிகள் நம்பத் தகுந்தவையா?

அங்கவடி | 4 ஜூன், இரவு 10.15

கருவி வேண்டாத சோதனை ஒன்று இருக்கிறது, கிசுகிசுச் சோதனை. உட்காரவைத்து, அவருக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில், சுமார் 60 சென்டிமீட்டரில் நில்லுங்கள். உதடு தெரியக் கூடாது என்பதற்குத்தான் பின்னால். சோதிக்காத காதின் முன்னால் இருக்கும் சின்னக் குருத்தை விரலால் அழுத்தி, வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். அந்தக் காது உதவிக்கு வராது. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, மிச்சக் காற்றில் மூன்று துண்டுகள் சொல்லுங்கள். “4, க, 7” மாதிரி, எண்ணும் எழுத்தும் கலந்து. மூன்றையும் திருப்பிச் சொன்னால் அந்தக் காது தேறியது. தவறினால் வேறு மூன்று. மொத்தம் ஆறில் மூன்றுக்குக் குறைவாகச் சொன்னால் அளந்து பார்க்க அனுப்ப வேண்டியதுதான். மூச்சை விடாமல் கிசுகிசுத்தால் தன்னையறியாமல் குரல் ஏறிவிடும். இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

செயலிகளில் ‘பீப்’ ஒலி தருபவை இயர்போனைப் பொறுத்து பத்து டெசிபல்கூடத் தவறலாம். ஒரே இயர்போன், ஒரே அமைதியான அறை என்று வைத்துக்கொண்டால் இரண்டு காதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்களைச் சொல்லித் தட்டச் சொல்லும் வகை பரவாயில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்டது அந்த வகை. இரைச்சலுக்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியை அது அளப்பதால் இயர்போன் தவறு அவ்வளவாகப் பாதிக்காது.

பள்ளி ஆய்வகத்து இசைக்கவையை எடுத்துக்கொண்டு யாராவது கிளம்பும் முன்: 512 ஹெர்ட்ஸ் கவை வேண்டும். 256 என்றால் எலும்பில் வைக்கும்போது அதிர்வு தோலுக்கே தெரியும், காதால் உணர்ந்ததா தோலால் உணர்ந்ததா என்று அவருக்கே புரியாது.

கட்செவி | 5 ஜூன், காலை 6.50

நாய்க்காக வழக்காட ஆள் இல்லை போலிருக்கிறது. நான் வருகிறேன்.

தீனி டப்பா என்பது ஒலி மட்டும் இல்லை. வாசனை, அலமாரி திறக்கும் அசைவு, தரையில் வரும் அதிர்வு, தினமும் அதே நேரம். முழுச்செவிடான நாயும் ஓடிவரும். நாயின் கேட்கும் எல்லை சுமார் 67 ஹெர்ட்ஸிலிருந்து 45,000 ஹெர்ட்ஸ் வரை, நம்முடையது 20-லிருந்து 20,000 வரை. அதற்கும் வயதானால் மேல்சுருதியில்தான் முதலில் தேயும்.

வீட்டுச் சோதனையில் எல்லோரும் செய்யும் தவறு, பக்கத்தில் நின்று கை தட்டுவது. காற்று முகத்தில் படும், நிழல் ஆடும். நாய் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது, அதன் பார்வைக்கு வெளியே, ஒரு கதவு மறைவிலிருந்து சோதியுங்கள். காலால் தரையைத் தட்டாதீர்கள். சாவிக்கொத்து ஒன்று, ஊதல் ஒன்று, தாழ்ந்த குரல் ஒன்று என்று சுருதி மாற்றுங்கள். காது மடல் துடிப்பதைப் பாருங்கள், தலை திரும்புவதற்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று தடவைக்கு மேல் செய்தால் நாய்க்குச் சலித்துவிடும், கேட்டாலும் கண்டுகொள்ளாது. அப்போது சந்தேகி சொன்ன நடிப்பு நிஜமாகிவிடும்.

ஒரு காது மட்டும் செவிடான நாயை இந்த வழியில் கண்டுபிடிக்கவே முடியாது. ஒலி கேட்கும், எந்தப் பக்கம் என்றுதான் தெரியாது; கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் பார்க்கும். உறுதியாகத் தெரிய மூளைத்தண்டு மின்பதிவு வேண்டும். தலைத்தோலில் மெல்லிய ஊசிமின்முனைகள், காதில் ‘டிக் டிக்’ ஒலி, காதுக்குச் சில நிமிடம். குட்டிக்கு ஐந்து வாரம் ஆனதும் செய்யலாம். அதற்கு முன் செய்வதில் பொருளில்லை. பரம்பரைச் செவிட்டில் பிறந்து மூன்று நாலு வாரத்தில்தான் உட்காது செத்துப்போகிறது.

டால்மேஷன் இன நாய்களில் சுமார் 100-க்கு 30 குட்டிகளுக்கு இது. அதில் 22 குட்டிக்கு ஒரு காது, 8 குட்டிக்கு இரண்டும். காரணம் நிறமிச் செல்கள். நத்தைச்சுருளுக்கு ஊட்டம் தரும் திசுவிலும் அவை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் திசு வாடும், பின்னாலேயே மயிர்ச்செல்லும் வாடும். தோல் வெள்ளையாவது வெளியே தெரிகிற பாதி. இரண்டு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனைகளில் 65 முதல் 85 சதவீதம் செவிடு. ஒரு கண் மட்டும் நீலம் என்றால் சுமார் 40. டார்வின் 1859-இல் நீலக்கண் பூனைகள் ‘எப்போதும்’ செவிடு என்று எழுதினார். பிந்திய பதிப்பில் முழுக்க வெள்ளையான, நீலக்கண் பூனைகள் ‘பொதுவாக’ செவிடு என்று மாற்றினார். இந்த இழையில் திருத்தம் போடுகிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

அங்கவடி | 5 ஜூன், காலை 8.20

அதே மின்பதிவுதான் கைக்குழந்தைகளுக்கும், ஊசிக்குப் பதில் ஒட்டுமுனைகள். அதற்கு முன்னால் இன்னும் எளிய சோதனை உண்டு. வெளிவரிசை மயிர்ச்செல்கள் பெருக்கும்போது காதே ஒரு சின்ன எதிரொலியை வெளியே விடுகிறது. டேவிட் கெம்ப் 1978-இல் அதை வெளியிட்டார். இன்று தூங்கும் குழந்தையின் காதில் ஒரு முனையை வைத்து அந்த எதிரொலி வருகிறதா என்று பார்க்கிறார்கள். கணக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடக்கம். தட்டைத் தட்டிப் பார்த்தேன், குழந்தை திரும்பியது என்பதெல்லாம் மேலே சொன்ன நாய்ச் சோதனையின் அதே தவறு.

கட்செவி, உங்கள் பெயருக்கு விளக்கம் தேவை. கண்ணே செவி, ஆகவே பாம்பு. பாம்புக்குத்தான் காது இருக்கிறதே?

கட்செவி | 5 ஜூன், காலை 8.55

இருக்கிறது. வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை, உட்காது உண்டு. கீழ்த்தாடை தரையில் படியும்போது அதிர்வு தாடையெலும்பு வழியே உட்காதைத் தொடும் சின்ன எலும்புக்குப் போகிறது. காற்றில் வரும் ஒலியும் சில நூறு ஹெர்ட்ஸ் வரை எட்டும். நம் பேச்சின் கீழ்ப்பாதி அதற்குக் கேட்கும், ‘ஸ்ஸ்’ கேட்காது. ஆம், தன் சீறலே அதற்குச் சரியாகக் கேட்காது.

தமிழிலும் இதில் ஒரே முடிவில்லை. ‘கட்செவி’ என்றவர் பாம்புக்குத் தனிக் காது இல்லை என்கிறார். ‘பாம்புச் செவி’ என்றவர் அதுதான் கூர்மையான காது என்கிறார். எனக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள்.

ஓரத்தில் நிற்பவர் | 5 ஜூன், இரவு 9.02

ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால் எத்தனை நாள் பொறுக்கலாம்? சொட்டுமருந்து விட்டுப் பார்க்கலாமா?

அங்கவடி | 5 ஜூன், இரவு 9.10

பொறுக்க வேண்டாம். முதலில் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். முனகல் அடைத்த காதுப் பக்கம் பலமாகக் கேட்டால் தடங்கல் வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கலாம்: காது அழுக்கு (குறும்பி), நீர், சளி. நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் உட்காதோ நரம்போ பழுதாகியிருக்கலாம். இரண்டாவது வகைக்குப் பெயர் திடீர் நரம்புக் கேளாமை. 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ இறங்கினால் அப்படிச் சொல்வார்கள். ஸ்டீராய்டுதான் வைத்தியம், முதல் சில நாட்களில் தொடங்கினால் பலன் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு சுருங்கும். மாத்திரை பலிக்காதவர்களுக்குச் செவிப்பறை வழியாக ஊசியும் உண்டு.

பெரும்பாலும் தவறுவது இங்கே: வெறும் அடைப்பு என்று நினைத்து ஒரு வாரம் எண்ணெய் விடுவார்கள், இன்னொரு வாரம் சளி மாத்திரை. அதற்குள் கதவு மூடிவிடும். காலையில் எழுந்தபோது ஒரு காது இல்லை, கூடவே இரைச்சலோ தலைசுற்றலோ என்றால் அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம். முனகல் சோதனை வழிகாட்டத்தான், முடிவு சொல்ல இல்லை. முனகல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை என்றாலும் கிளம்புங்கள்.

ஓரத்தில் நிற்பவர் | 6 ஜூன், பகல் 12.20

குறும்பிதான். எடுத்துவிட்டார்கள். நன்றி, அவமானம்.

அங்கவடி | 6 ஜூன், பகல் 12.45

அவமானம் எதற்கு. பத்துப் பேர் குறும்பிக்காக ஓடினால்தான் பதினோராவது ஆள் தப்புவார்.

குறும்பியைப் பற்றி ஒரே தடவை எழுதிவிடுகிறேன். காதுக்குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே மெதுவாக நகர்கிறது, குறும்பியை அதுவே வாசலுக்குக் கொண்டுவரும். பட்ஸ் போட்டால் வாசலில் வந்ததைத் திருப்பி உள்ளே தள்ளுகிறோம். குழாய் மொத்தம் இரண்டரை சென்டிமீட்டர், அதன் முடிவில் செவிப்பறை.

இறுகியிருந்தால் முதலில் ஊறவைக்க வேண்டும். ஆலிவ் எண்ணெயோ சோடியம் பைகார்பனேட் சொட்டோ, தினம் இரண்டு வேளை, இரண்டு மூன்று துளி, மூன்றிலிருந்து ஐந்து நாள். படுத்து, விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே. ஊறும்போது உப்பி இன்னும் அடைக்கும், பயப்பட வேண்டாம். பிறகும் வராவிட்டால் நீர் பாய்ச்சலாம். நீர் உடல் சூட்டில், 37 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் சுட்டாலும் உட்காதின் சமநிலைக் குழாயில் திரவம் ஓடத் தொடங்கி அறையே சுற்றும். பீய்ச்சுவது குறும்பி மேல் இல்லை, குழாயின் மேல்-பின் சுவர் மேல். நீர் சுவர் வழியே பின்னால் போய்த் தள்ளிக்கொண்டு வரும். நேராகப் பீய்ச்சினால் குறும்பி செவிப்பறையில் போய் உட்காரும். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

செவிப்பறையில் ஓட்டை, காதில் பழைய அறுவை, குழாய் பொருத்தியது, சீழ் எதுவாக இருந்தாலும் நீர் கூடவே கூடாது. குறும்பியை இழுக்கும் என்று காது மெழுகுவத்தி ஒன்றை விற்கிறார்கள். எரிந்தபின் அதில் தெரிவது அதே வத்தியின் மெழுகு.

அங்கவடி | 6 ஜூன், மாலை 5.30

விட்டுப்போனவை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் நீர் பாய்ச்ச வேண்டாம். ஈரத்தில் தொற்று பிடித்தால் எலும்புவரை போகும் வகை அவர்களுக்கு வரலாம். காது மடலை இழுக்கும் திசை பெரியவர்களுக்கு மேலும் பின்னும், மூன்று வயதுக்குள் கீழும் பின்னும். குழாயின் வளைவு அப்படி.

பூச்சி புகுந்தால் முதலில் எண்ணெய் விட்டுச் சாகவிடுங்கள், உயிரோடு பிடிக்கப் போனால் அது உள்ளே ஓடும். பயறு, விதை என்றால் நீர் விடக் கூடாது, ஊறிப் பருத்து மாட்டிக்கொள்ளும். பொத்தான் பேட்டரி என்றால் எதுவும் விடாமல் உடனே மருத்துவமனை. சில மணி நேரத்திலேயே தோலைத் தின்றுவிடும்.

கட்செவி | 7 ஜூன், காலை 7.15

நாயின் குழாய் ‘ட’ மாதிரி: நேர்கீழாக இறங்கி, பிறகு படுக்கையாகத் திரும்பும். அதனால் பட்ஸ் மூலையில் முட்டி அழுக்கை அங்கேயே அடைக்கும். கழுவும் திரவத்தைக் குழாய் நிறைய விடுங்கள், காதடியில் விரலால் 20, 30 விநாடி பிசையுங்கள் (சளக் சளக் என்று சத்தம் வர வேண்டும்), கையை எடுத்து நாய் தலையை உதறட்டும். மேலே வந்ததை மட்டும் பஞ்சால் துடையுங்கள். முதலில் முகத்தை நீங்கள் திருப்பிக்கொள்ள வேண்டும்.

பூனையின் காதில் காப்பிப்பொடி மாதிரி கறுப்பாக உதிர்ந்தால் உண்ணிப்பேனாக இருக்கலாம், கூட இருக்கும் எல்லாப் பிராணிகளுக்கும் சேர்த்து மருந்து போட்டால்தான் போகும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வீட்டுக் கழுவல் கிடையாது. செவிப்பறை ஓட்டையாக இருந்தால் குளோர்ஹெக்சிடின் போன்றவை உட்காதைக் கொல்லும். காது கழுவிய மறுநாள் செவிடானது என்று சொல்லப்படும் நாய்களில் ஒரு பங்கு இப்படி.

அங்கவடி | 7 ஜூன், காலை 9.40

மருந்து என்றதும் மனிதருக்கும் ஒரு வரி. ஜென்டமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் குடும்பமும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் மயிர்ச்செல்லைக் கொல்லும், திரும்பாது. ஆஸ்பிரின் மிகையாகி வரும் இரைச்சல் நிறுத்தினால் அடங்கும். தாய்வழியில் யாருக்காவது ஜென்டமைசின் வகை ஊசி போட்டபின் காது போயிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தாய் மூலமாக மட்டும் இறங்கும் ஒரு மரபுமாற்றம் உண்டு, அவர்களுக்குக் காது போக ஒரே சுற்று மருந்தே போதும்.

சந்தேகி | 9 ஜூன், இரவு 7.50

கிசுகிசுச் சோதனை ஆறில் ஒன்று. பிறகு முறையாக அளந்தாயிற்று: இரண்டு காதும் 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல், 1000-இல் 35, 2000-இல் 50, 4000-இல் 70. காதில் போடும் கேட்புக் கருவி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் கட்சி கலைக்கப்பட்டது. ஆனால் கருவி வாங்கியவர்கள் பலரும் இழுப்பறையில் போட்டுவைப்பது ஏன்?

அங்கவடி | 9 ஜூன், இரவு 9.25

நாலையும் கூட்டி வகுத்தால் 45. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலில் 35-க்கு மேல் 50-க்குள் ‘மிதமான’ கேளாமை. அந்தச் சொல்லை நம்பாதீர்கள்; 4000-இல் 70 என்றால் ‘ஸ்’ என்ற ஒலியே அவருக்கு இல்லை.

இழுப்பறைக்குப் போகும் காரணங்களுக்குத் தனித்தனி மருந்து உண்டு.

“என் குரல் பானைக்குள் பேசுவது போல.” காதை அடைத்ததால் தாடையெலும்பு வழி வரும் தன் குரல் வெளியேற வழியில்லை. கீழ்ச்சுருதி நன்றாக இருக்கும் இவருக்குக் காதுவாயை நிரப்பும் முழு அச்சு வேண்டாம், கருவியின் நுனியில் துளையுள்ள திறந்த குமிழ் போதும்.

“கீச் கீச்.” வெளிவந்த ஒலி மைக்குக்குத் திரும்புகிறது. குமிழ் சிறியதாக இருக்கும், சரியாக நுழையாமல் இருக்கும், அல்லது குழாயில் குறும்பி. கடைசியை முதலில் பாருங்கள்.

“திடீரென்று செத்துவிட்டது.” பெரும்பாலும் ஒலிமுனையில் இருக்கும் குறும்பி வடிகட்டி அடைத்திருக்கும். இரண்டு தலையுள்ள குச்சி கொடுத்திருப்பார்கள். ஒரு தலையால் பழையதை இழுத்து, மறுதலையால் புதியதை அழுத்த வேண்டும். ஊசியால் குத்தினால் ஒலிமுனையே போகும்.

கருவிக்குப் போடும் துத்தநாகப் பேட்டரி காற்றில் இயங்குவது. ஒட்டுத்தாளை உரித்ததும் போடாமல் இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்தால் முழு வலு வரும். திரும்ப ஒட்டினால் நிற்காது, வேலை தொடங்கியது தொடங்கியதுதான். அளவுக்கு நிறம்: 10 மஞ்சள், 312 ஆரஞ்சு, 13 பழுப்பு, 675 நீலம். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் குளிகையோடு டப்பாவில்.

“எல்லாம் இரைச்சல்.” பல வருடம் கேட்காத விசிறி, காகிதம், குழாய்த் தண்ணீர் எல்லாம் ஒன்றாக வருகிறது. முதல் வாரம் வீட்டுக்குள் இரண்டு மணி நேரம், அப்புறம் கூட்டலாம்.

தினமும் காலையில் ஆறு ஒலிச் சோதனை: முகத்தை மறைத்து, ஒரு மீட்டரில், சாதாரணக் குரலில் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். கீழ்ச்சுருதியிலிருந்து மேலே ஏறும் படிகள் இவை. நேற்று ஆறும் கேட்டு இன்று ஸ் மட்டும் போனால் வடிகட்டியைப் பாருங்கள்.

அங்கவடி | 10 ஜூன், காலை 7.00

‘முதல் வாரம் இரண்டு மணி நேரம்’ என்று எழுதியதில் எனக்கே இப்போது உடன்பாடில்லை. மூளை பழகுவது கேட்கும் நேரத்தைப் பொறுத்தது. தாங்க முடிந்தால் விழித்திருக்கும் நேரம் முழுவதும் போடட்டும், தாங்காவிட்டால் ஒலியைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போடட்டும். நேரத்தைக் குறைத்தால் ஒவ்வொரு நாளும் முதல் நாள்.

அப்புறம், கருவியைப் பொருத்தும்போது செவிப்பறைக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் வைத்து ஒலியை அளந்தார்களா என்று கேளுங்கள். கணினி ஊகத்தை மட்டும் வைத்துப் பொருத்தியது என்றால் மேல்சுருதி பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

ஓரத்தில் நிற்பவர் | 10 ஜூன், மாலை 6.10

செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிறார்களே?

அங்கவடி | 10 ஜூன், மாலை 6.40

சங்கின் அடிச்சுருதி சில நூறு ஹெர்ட்ஸ். மேலே உள்ள ஆடியோகிராம்காரருக்குச் சங்கு கணீரென்று கேட்கும். ஊதியவர் அப்புறம் என்ன சொன்னார் என்பதுதான் கேட்காது.

சந்தேகி | 12 ஜூன், காலை 8.15

பட்டறைச் சத்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது முன்னாலேயே வருமா? பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?

அங்கவடி | 12 ஜூன், காலை 9.50

வரும். ஆடியோகிராமில் அதன் அடையாளம் சரிவு இல்லை, 4000-ஐச் சுற்றி ஒரு பள்ளம். 8000-இல் கோடு திரும்ப ஏறும். கணக்கு: 85 டெசிபலில் 8 மணி நேரம், 3 டெசிபல் ஏறும்தோறும் நேரம் பாதி. 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100-இல் 15 நிமிடம். ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் 85-ஐத் தாண்டியாயிற்று. சாதாரணப் பஞ்சு தடுப்பது சொற்பம்.

நுரைச் செருகியில் தவறுவது செருகும் விதம். விரலால் மடிப்பு விழாமல் மெல்லியதாக உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து மடலை மேலும் பின்னும் இழுங்கள். செருகி, உப்பும்வரை 30 விநாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். முன்னாலிருந்து பார்க்கிறவருக்குச் செருகி வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் அது உள்ளே போகவில்லை.

கழற்றுவதுதான் இன்னும் மோசம். 30 டெசிபல் தடுக்கும் செருகியை எட்டு மணி நேரத்தில் அரை மணி மட்டும் கழற்றினால், அன்றைய மொத்தக் காப்பு 12 டெசிபலாக இறங்கிவிடும். பாதி நேரம் கழற்றினால் 3. பதினாறில் ஒரு பங்கு நேரத்தில் முழு ஆற்றலும் உள்ளே போகிறது என்று கணக்குப் போட்டால் வந்துவிடும்.

கட்செவி | 12 ஜூன், பகல் 1.30

பறவையாகப் பிறந்திருந்தால் இந்தக் கவலை இல்லை. இரைச்சலில் செத்த மயிர்ச்செல்களுக்குப் பதிலாகப் புதியவை முளைக்கும், சில வாரங்களில் கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்பும். 1988-இல் கோழிக்குஞ்சிலும் காடையிலும் இதைக் காட்டினார்கள். மீனுக்கும் தவளைக்கும்கூட முளைக்கும். பாலூட்டிகள்தான் ஏதோ ஒரு திருப்பத்தில் இந்த வரத்தைத் தொலைத்துவிட்டன.

வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றில், சுவர்க்கோழிக்கு முன்காலில். யாராவது “காதைப் பிடித்துத் திருகுவேன்” என்றால் எந்த இனம் என்று முதலில் கேட்டுக்கொள்ளவும்.

சந்தேகி | 15 ஜூன், இரவு 8.40

கருவி ஆறு நாளாகக் காதில் இருக்கிறது, இழுப்பறையில் இல்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் இன்னும் தடுமாற்றம். நாங்கள் பேசும் விதத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

அங்கவடி | 15 ஜூன், இரவு 10.00

முகத்தில் வெளிச்சம் பட நில்லுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டாதீர்கள். ஒன்றரை மீட்டருக்குள். முதலில் பெயர், அவர் திரும்பியபின் விஷயம். கத்தினால் உயிர்தான் பெரிதாகும், மெய் அப்படியே இருக்கும், வாயும் கோணி உதடு படிக்க முடியாமல் போகும். வேகத்தைக் குறைத்தால் போதும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை மூன்றாம் தடவை சொல்லாமல் சொல்லை மாற்றுங்கள். பட்டு, மட்டு இரண்டுக்கும் உதடு ஒன்றுதான், ப-வும் ம-வும் கண்ணுக்கு ஒரே எழுத்து. சொல் மாறினால் ஊகத்துக்கு வேறு பிடி கிடைக்கும். மேசையில் அவர் சுவருக்கு முதுகு கொடுத்து உட்காரட்டும். பின்னால் இரைச்சல் இருக்காது, எல்லா முகமும் தெரியும்.

சந்தேகி | 15 ஜூன், இரவு 10.20

நாய்?

கட்செவி | 16 ஜூன், காலை 6.30

கை சைகை. இன்னும் கேட்கும்போதே ஒவ்வொரு சொல்லோடும் ஒரு சைகையைச் சேர்த்துப் பழக்குங்கள், பிறகு சொல் தேய்ந்தாலும் சைகை நிற்கும். வெளியே கயிறு இல்லாமல் விடாதீர்கள். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல், மூக்கருகே கையை நீட்டுங்கள். வாசனையில் விழித்தால் கடிக்காது.

அங்கவடிக்கு ஒன்று. 9-ஆம் தேதிக் குறிப்பில் பேட்டரி நிறம் இடம் மாறியிருக்கிறது. 312 பழுப்பு, 13 ஆரஞ்சு.

அங்கவடி | 16 ஜூன், காலை 6.48

ஆமாம். 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். சந்தேகி, வாங்கிவிட்டீர்களா?

சந்தேகி | 16 ஜூன், காலை 7.05

வாங்கியாயிற்று. கதவு மூடவில்லை. கருவியில் குறை என்று நினைத்து இரண்டு நாளாக அழுத்திக்கொண்டிருந்தேன்.